வேனை நிறுத்துமுன் மேலேயும் கீழேயும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நீண்ட வார இறுதி வந்தால் போதும், அப்புத்தளை, ஒஹியா, ஹல்துமுல்ல, கொஸ்லந்தைப் பக்கமெல்லாம் படுக்கை பூட்டிய வேன்கள் ஏறி வந்துவிடுகின்றன. கேடிஎச் வேனின் பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டுப் பலகை அடித்து மெத்தை போட்டிருக்கிறார்கள். சிலவற்றில் கூரைமேல் கூடாரம், சிலவற்றில் அடுப்பும் சின்ன ஃபிரிட்ஜும். நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து மலை விளிம்பில் இரவைக் கழித்துவிட்டு, விடிந்ததும் நடக்கக் கிளம்புகிறார்கள். வரட்டும், நம் பிள்ளைகள் நம் மலைகளைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் வேனை எங்கே நிறுத்துவது, எப்படி இறக்குவது, இரவில் உள்ளே எதை எரிக்கக்கூடாது என்பதையெல்லாம் யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதாகத் தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஹோட்டன் சமவெளியின் தெற்கு ஓரம் ‘உலக முடிவு’ என்ற பாறை விளிம்பில் 800 மீற்றருக்கு மேல் கீழே விழுகிறது. அந்தச் சுவர் அங்கேயே முடிந்துவிடுவதில்லை. கிழக்கே நீண்டு வந்து, பம்பரகந்தையில் 263 மீற்றர் அருவியையும் கொஸ்லந்தைக்கு அப்பால் தியலுமையில் 220 மீற்றர் அருவியையும் தாங்கி நிற்கிறது. படத்தில் பார்ப்பவர்களுக்கு அது ஆளில்லாத பள்ளத்தாக்கு. உண்மையில் அந்தச் சரிவெங்கும் தேயிலைத் தோட்டங்களும், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களும்தான். விளிம்பில் நீங்கள் சிந்தும் ஒவ்வொரு சொட்டும் யாரோ ஒருவரின் குடத்துக்குப் போய்ச் சேருகிறது.

பீலிக்கரையைப் பாராதவர்களுக்காகச் சொல்கிறோம். மலை மடிப்பில் ஊறும் நீரைக் கல் அடுக்கிச் சின்னதாக மறித்து, கறுப்புக் குழாய் ஒன்றைச் செருகி, அதைத் தேயிலைச் செடிகளுக்கடியில் ஓடவிட்டு லயத்துக்குக் கொண்டுவருவார்கள். முனையில் ஒரு பலகைக் கல், பக்கத்தில் துணி துவைக்கும் மேடை. காலையில் கொழுந்துக்குப் போகுமுன் பெண்கள் குடிக்கப் பிடிப்பதும் இதில், பிள்ளைகள் முகம் கழுவுவதும் இதில். பல இடங்களில் இடையில் வடிகட்டியும் கிடையாது, குளோரினும் கிடையாது. அந்த ஊற்றுக்கு மேலே வேனை நிறுத்திச் சட்டி கழுவினால், சோப்பும் எண்ணெயும் ஒரு மணி நேரத்துக்குள் கீழே வந்துவிடும். கழிவறைப் பெட்டியை வடிகானில் கவிழ்த்தால் வருவது வயிற்றுப்போக்கு. அதில் முதலில் படுப்பவர்கள் பிள்ளைக்காம்பராவில், அதாவது தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில், இருக்கும் குழந்தைகள்.

வேனில் வைக்கும் கழற்றக்கூடிய கழிவறைப் பெட்டி 18 லீற்றர் அளவில் இருக்கும். நால்வர் பாவித்தால் இரண்டு நாளில் நிறைந்துவிடும். மூன்று நாள் பயணம் என்றால் நடுவில் ஒருமுறை மலசலகூடக் குழி உள்ள தங்குவிடுதியிலோ எரிபொருள் நிலையத்திலோ அனுமதி கேட்டு, காசு கொடுத்தாவது அங்கே ஊற்ற வேண்டும். அதில் போடும் நீல மருந்து ஃபோர்மல்டிஹைட் கலந்ததாக இருந்தால் குழியிலுள்ள நல்ல கிருமிகளையும் கொன்று, குழியையே வேலை செய்யாமல் ஆக்கிவிடும். வாங்கும்போது அது இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். சட்டி கழுவும் நீருக்கு 20 லீற்றர் கேன் ஒன்று தனியாக வேண்டும். சோற்றுப் பருக்கையை வடிதட்டில் வடித்துக் குப்பைப் பையில் போட்டுவிட்டு, நீரோடையிலிருந்து 60 மீற்றருக்காவது தள்ளி, ஒரு சாண் குழியில் அந்த நீரை ஊற்றி மூடலாம். பாறைமேல் மண் மெல்லியதாக இருக்கும் இடத்தில் அதுவும் வேண்டாம், கேனோடு கீழே கொண்டுபோய்விடுங்கள்.

ஆகவே இடம் தேடும்போது முதலில் கேட்க வேண்டியது லயத்தில். “அண்ணே, ராவைக்கு இங்க வேன் போடலாங்களா? உங்க பீலித்தண்ணி எந்தப் பக்கமிருந்து வருது?” என்று கேட்டால் கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள். குளவிக்கூடு எந்த மரத்தில், மழைக்கு எந்தக் கான் உடைக்கும், இரவில் எந்தப் பாதையில் சிறுத்தை நடக்கும் என்பதெல்லாம் அதே மூச்சில் வரும். அதோடு தோட்ட முகாமையாளரின் அனுமதியும் வேண்டும். காணி தோட்டத்துடையது. ஹோட்டன் சமவெளிக்குள் தங்குவதானால் வனஜீவராசிகள் திணைக்களத்தில் முன்கூட்டியே பதிய வேண்டும், நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. ஒதுக்குக் காடுகளுக்கு வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி தேவை.

கீழே பார்த்தாயிற்று, இனி மேலே. வேன் நிற்கும் இடத்துக்கு மேலுள்ள வங்கியில், அதாவது வீதியோர மண்மேட்டில், புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கி ஓடும் ஊற்று, அல்லது எப்போதும் ஓடி இப்போது நின்றுபோன ஊற்று, இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் அங்கே தூங்கக்கூடாது. 2014 ஒக்டோபர் 29 அன்று காலையில் மீரியபெத்தையில் மலை இறங்கியது இதே சுவரின் அடிவாரத்தில்தான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், அம்பர், சிவப்பு என மூன்று நிறங்களில் மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்து, மேலும் பெய்யும்போல் இருந்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 தாண்டினால் ஆயத்தமாக வேண்டும். 150 தாண்டினால் வெளியேற வேண்டும். மஞ்சள் நிலையிலேயே வேன்காரர்கள் கிளம்பிவிட வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. லயத்து மக்களுக்குப் போக வேறு இடமில்லை, உங்களுக்கு இருக்கிறது. நெரிசலில் உங்கள் வேன் பாதையை அடைத்துக்கொண்டு நிற்கக்கூடாது.

ஓடையும் அப்படித்தான். தியலுமையின் உச்சியிலுள்ள தடாகங்களில் வெயிலில் குளித்துக்கொண்டிருப்போருக்கு மேலே எங்கோ கொட்டும் மழை தெரியாது. நீர் தேயிலைச் சாயம்போல நிறம் மாறுவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, அருவியின் இரைச்சல் திடீரென அடர்வது ஆகியவை அடையாளங்கள். கண்டவுடன் செருப்பைத் தேடாமல் மேட்டுக்கு ஏறுங்கள். எதிர்க்கரையில் நின்றால் அங்கேயே ஏறிக் காத்திருங்கள், கடந்து வர முயலாதீர்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு இடியுடன் மழை வழக்கம். அந்த மாதங்களில் குளிப்பதும் நடப்பதும் முற்பகலோடு முடியட்டும்.

இனி இறக்கம். இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. பெரகலையிலிருந்து ஹல்துமுல்ல பக்கம் இறங்கும் ஏ4 வீதியும், எல்லயிலிருந்து வெல்லவாய இறங்கும் ஏ23 வீதியும் முடக்குக்கு மேல் முடக்காக, வளைந்து வளைந்து நீளும் இறக்கங்கள். 2025 செப்டெம்பரில் எல்ல–வெல்லவாய வீதியில் பஸ் பள்ளத்தில் விழுந்து 15 உயிர்கள் போயின. படுக்கை வேன் சாதாரண வேனைவிடப் பாரமானது. கணக்குப் பாருங்கள்: நால்வர் 260 கிலோ, நீர் 80 லீற்றர் என்றால் 80 கிலோ, ஈய பெற்றரி 30, கூரைக் கூடாரம் 60, பலகையும் மெத்தையும் பெட்டிகளும் 100. அரை தொன் தாண்டிவிட்டது. அதில் கூரைமேல் போகும் பாரம் வேனை முடக்கில் வெளிப்பக்கம் சாய்க்கும். ஆடி, ஆவணியில் அப்புத்தளைக் கணவாயில் அடிக்கும் காற்றுக்கு அது இன்னும் ஆடும். நீரை மலையடிவாரத்தில் நிரப்பிக்கொண்டு ஏறி, மீந்ததைச் செடிக்கு ஊற்றிவிட்டு இறங்குவது நல்லது.

எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஒட்டோ கியர் என்றால் ‘டி’யில் விடாமல் ‘2’ அல்லது ‘எல்’, ஹைபிரிட் என்றால் ‘பி’. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடும் பழக்கம் ஆளைக் கொல்லும். எஞ்சினையும் அணைத்துவிட்டால் இரண்டு மூன்று முறை மிதித்ததும் பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும், பவர் ஸ்டியரிங்கும் இறுகிவிடும். பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினால் பட்டை தீய்ந்து மணக்கும். அதற்கும் மேல் சூடேறினால் பிரேக் எண்ணெய் கொதித்துக் குமிழி விடும். அப்போது பெடல் பஞ்சுபோல அடிவரை போகும், வேன் நிற்காது. டொட் 3 வகை பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 பாகையில்தான் கொதிக்கும், ஈரம் உறிஞ்சியபின் 140 பாகையிலேயே கொதித்துவிடும். டொட் 4 என்றால் 230, ஈரமானபின் 155. எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மலைக்கு ஏறுமுன் கராஜில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

மணம் வந்தால் அகலமான இடத்தில் ஒதுக்கி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான டிரம்மிலோ டிஸ்கிலோ நீர் ஊற்றினால் விரிசல் விடலாம். கொதிக்கக் கொதிக்க ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பியும் நிறுத்தக்கூடாது, ஆறும்போது இரும்பு சுருங்கிப் பிடி தளரலாம். கியரில் போட்டு, முன்சில்லை வங்கிப் பக்கம் திருப்பி, சில்லுக்கடியில் கல்லோ கட்டையோ வையுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை வீதியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவரின் உயிர் அது.

ஒஹியாவிலிருந்து உடவேரியா தோட்டம் வழியாகப் பம்பரகந்த, களுபஹன இறங்கும் ‘டெவில்ஸ் ஸ்டெயார்கேஸ்’ பாதையில் வேனை இறக்கலாம் என்று வரைபடச் செயலி காட்டும். நம்பாதீர்கள். அது நடப்பதற்கும் நான்கு சில்லும் இழுக்கும் ஜீப்புக்குமான பாதை. பெயர்ந்த கல்லும் மழை அரித்த பள்ளமுமாகக் கிடக்கும் அந்த முடக்குகளில் நீள வேன் ஒரே திருப்பில் திரும்பாது, பின்னுக்கு எடுக்க இடமும் இருக்காது. வேன் சாரதி ஒருவர் சுற்றிவந்து களுபஹனயில் காத்திருக்க, மற்றவர்கள் நடந்து இறங்குவதே முறை.

அடுத்தது இரவு. ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறரை பாகை குளிர் கூடும் என்பது பொதுக் கணக்கு. தை, மாசியில் ஹோட்டன் சமவெளிப் புல்லில் உறைபனி பூக்கும். அந்தக் குளிரில் கண்ணாடிகளை இறுக மூடிக்கொண்டு, தகரத்தில் கரி மூட்டி உள்ளே வைத்துக்கொள்ளத் தோன்றும். இதைவிட ஆபத்தான காரியம் இந்தப் பயணத்தில் வேறில்லை. கரி எரியும்போது வெளிவரும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, குமட்டல், சோர்வு வரும். நண்பர்கள் அதைக் குளிர் பிடித்தது, மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் போர்த்திப் படுக்கவைப்பார்கள். படுத்தவர் எழும்புவதில்லை. ஒரே நேரத்தில் இருவருக்குத் தலை வலித்தால் காரணம் தேடாதீர்கள், கதவைத் திறந்து எல்லோரும் வெளியே வாருங்கள். அதைக் கண்டறியும் சின்ன அலாரக் கருவி கிடைக்கிறது, தூங்கும் மட்டத்தில் பொருத்துங்கள். எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டர் போட்டுத் தூங்குவதும் அதே கதைதான். பின்பக்கத்தை வங்கியில் முட்ட நிறுத்தியிருந்தால் புகை வெளியே போக வழியின்றி வேனுக்கடியில் தேங்கி உள்ளே ஏறும்.

சமையல் எரிவாயுவின் குணம் வேறு. அது காற்றைவிடக் கனமானது, கசிந்தால் படுக்கைப் பலகைக்கடியில் குளம்போலத் தேங்கும். 2.3 கிலோ சிலிண்டரானாலும் அதை வெளியே நிமிர்த்தி வைத்துத்தான் சமைக்க வேண்டும். ரெகுலேட்டர் இணைப்பில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு. பியூட்டேன் டின் அடுப்பு குளிரில் மங்கி எரியும். பியூட்டேன் பூச்சிய பாகைக்குக் கிட்ட ஆவியாக மறுப்பதே காரணம். அதற்காக டின்னை நெருப்பருகில் காட்டாதீர்கள், போர்வைக்குள் வைத்திருந்து எடுத்தால் போதும். உயரத்தில் நீர் குறைந்த சூட்டிலேயே கொதிப்பதால் சோறு வேக நேரமாகும், குக்கர் கொண்டுபோவது எரிவாயுவை மிச்சப்படுத்தும். ஊற்று நீரைக் குடிக்க 2,000 மீற்றருக்கு மேல் மூன்று நிமிடமாவது கொதிக்கவிடுங்கள்.

குளிருக்கு மருந்து காற்றோட்டமும் கீழே விரிப்பும்தான். எதிரெதிர்க் கண்ணாடிகளை இரண்டு விரலளவு திறந்துவையுங்கள். நால்வர் ஓர் இரவில் விடும் மூச்சும் வியர்வையும் ஒரு லீற்றர் நீருக்குக் குறையாது. அது வெளியே போகாவிட்டால் கூரையிலிருந்து சொட்டி மெத்தை நனைந்து, அந்த ஈரமே குளிராகும். மேலே இரண்டு போர்வை போர்த்துவதைவிடக் கீழே ஒரு தடித்த பாய் விரிப்பது நல்லது.

நடைக்கு வருவோம். இந்த நாட்டில் வருடம் முழுவதும் மாலை ஐந்தே முக்காலுக்கும் ஆறரைக்குமிடையில் சூரியன் விழும், விழுந்து இருபது இருபத்தைந்து நிமிடத்தில் கும்மிருட்டு. சமதரையில் நான்கு கிலோமீற்றருக்கு ஒரு மணி நேரம், 600 மீற்றர் ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி நேரம் என்று கணக்கிட்டு, பகல் பன்னிரண்டுக்கு எங்கே நின்றாலும் திரும்பும் முடிவோடு ஆறு மணிக்குக் கிளம்புங்கள். உலக முடிவுக்குப் போவோர் ஒன்பது மணிக்கு முன் விளிம்பில் நிற்காவிட்டால் வெண்மூட்டத்தைத்தான் பார்ப்பார்கள். மூட்டம் பார்வையைக் கெடுப்பதோடு விடுவதில்லை, விளிம்பையும் மறைத்துவிடும். பாறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மானாப்புல்லுக்கடியில் மண்ணே இருக்காது. காலடி தெரியாத மூட்டத்தில் உட்கார்ந்துவிடுங்கள், விலகும்வரை காத்திருங்கள். ஆளுக்கு மூன்று லீற்றர் நீர், நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பைக்கற்று இரண்டு, டோர்ச், விசில். தொலைந்தால் நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி ஊத வேண்டும்.

அட்டைக்கு அஞ்ச வேண்டாம். சப்பாத்துக்கும் காலுறைக்கும் சோப்பு தேய்த்து, ஒட்டியதை நகத்தால் வழித்துவிட்டுக் கழுவினால் போதும். அஞ்ச வேண்டியது குளவிக்கும் மலைத்தேனீக்கும். பம்பர என்ற சிங்களச் சொல்லே மலைத்தேனீயைக் குறிப்பது. தோட்டங்களில் கொழுந்து எடுக்கும் பெண்கள் குளவிக் கொட்டுக்கு ஆளாகி வைத்தியசாலைக்குப் போகும் செய்தியை உங்கள் பத்திரிகையே எத்தனை முறை வெளியிட்டிருக்கிறது! பாறையில் தொங்கும் கூட்டுக்கருகில் ட்ரோன் பறக்கவிடுவதும் புகை போடுவதும் உங்களைவிடக் கீழே வேலைசெய்யும் அவர்களுக்கே ஆபத்து. கலைந்துவிட்டால் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு வேனுக்கோ வீட்டுக்கோ ஓடிக் கதவை அடையுங்கள், நீருக்குள் பாயாதீர்கள். மூச்சு இறுகினாலோ உதடு வீங்கினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வைத்தியசாலை.

வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் திறந்த நெருப்பே வேண்டாம். காய்ந்த மானாப்புல்லில் பற்றிய தீ சரிவில் மேல்நோக்கி ஓடும்போது மனிதனால் முந்த முடியாது.

பிரதேச சபைகளிடம் எங்கள் கோரிக்கை ஒன்று. பீலிகளுக்கும் லயங்களுக்கும் கீழ்ப்புறமாக, பிரதான வீதியோரம் பத்து வேன் நிற்கும் இடம் ஒன்றை ஒதுக்கி, கழிவறைப் பெட்டி ஊற்ற மூடியுள்ள குழி, ஒரு தண்ணீர்க்குழாய், தமிழிலும் சிங்களத்திலும் பெயர்ப்பலகை ஆகியவற்றை அமைத்து, இரவுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குங்கள். காவலுக்கும் துப்புரவுக்கும் தோட்டத்து இளைஞர்களை அமர்த்தலாம்.

அவசரத்துக்கு அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. அழைக்கும்போது சுற்றுலாப் படங்களில் கண்ட ‘வியூ பொயின்ற்’ பெயரைச் சொன்னால் சாரதிக்கு வழி தெரியாது. தோட்டத்தின் பெயர், மேற்பிரிவா கீழ்ப்பிரிவா, ரோட்டில் கடைசியாகத் தாண்டிய கோயில் எது என்று சொல்லுங்கள். வேனை நிறுத்தியவுடன் இந்த மூன்றையும் லயத்தில் கேட்டு ஒரு தாளில் எழுதி, கண்ணாடிக்குக் கீழே ஒட்டிவையுங்கள்.

இப்படிக்கு,
மலைவழிகாட்டிகளும் வேன் சாரதிகளும் சிலர்,
அப்புத்தளை.